வயரைக் கழற்றியும் பற்றரி இறங்குகிறதா? அக்டிவ் பேஸ் கிற்றாருக்குப் புதியவர்களுக்கு

கிளிநொச்சியில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் கொட்டிலுக்கு ஒரு தம்பி புதிதாகப் பேஸ் வாசிக்க வந்தார். கையில் கொழும்பில் பழையதாக வாங்கிய ஐந்து தந்தி அக்டிவ் பேஸ். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று கிழமைக்கு ஒருமுறை அந்தப் பேஸ் தும்மத் தொடங்கிவிடும். தடித்த தந்தியைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் "புர்ர்" என்று கிழியும். பிறகு சத்தம் சுருங்கும். பிறகு ஒன்றுமே வராது.

"அண்ணை, இது பற்றரி தின்னுற சாமான். எனக்குக் கட்டாது. வித்துப்போட்டு பாசிவ் ஒண்டு எடுக்கப் போறன்" என்றார் ஒருநாள்.

நான் மறித்தேன். அந்த மூன்று கிழமைக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. என்னுடைய முதல் அக்டிவ் பேஸும் அப்படித்தான் பற்றரி தின்றது. நான் பழியைக் கடைக்காரர்மேல் போட்டேன். போலிப் பற்றரி விற்கிறார் என்று இரண்டு தரம் போய்ச் சண்டை பிடித்தேன். மூன்றாம் தரம் அவர் கேட்டார்: "தம்பி, வாசிச்சு முடிய வயரைக் கழட்டுறனீரோ?" நான் கழற்றுவதில்லை. அம்ப் என்கிற சத்தம் பெருக்கும் பெட்டியை நிற்பாட்டிவிட்டு, அதற்குப் போகும் வயரோடேயே பேஸைத் தாங்கியில் சாத்திவிட்டுப் போய்ப் படுப்பேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

அக்டிவ் பேஸுக்கு நிற்பாட்டும் சுவிட்ச் தனியாகக் கிடையாது. வயர்தான் சுவிட்ச். இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் பற்றரித் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

பேஸுக்கு எதற்குப் பற்றரி?

பாசிவ் பேஸில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப், அதிலிருந்து குமிழ்கள், அதிலிருந்து வயரைச் செருகும் ஜாக், அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம். அக்டிவ் பேஸில் பிக்கப்புக்கும் ஜாக்குக்கும் நடுவில் பிரீஅம்ப் என்ற சின்னச் சுற்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தாழ்ந்த சத்தத்தையும் உயர்ந்த சத்தத்தையும் தனித்தனியாகக் குறைக்கிறதோடு, கூட்டவும் அதனால் முடியும். நீளமான வயரில் சத்தம் மங்காமலும் அது பார்த்துக்கொள்ளும். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேக்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு பரவலானது. இன்று நடுத்தர விலைப் பேஸ்களிலேயே இது சாதாரணம்.

உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் பின்பக்கம் பாருங்கள். பற்றரி போடுவதற்கென்று சின்ன மூடி இருந்தால் அக்டிவ். சில பேஸ்களில் தனி மூடி இருக்காது, குமிழ்களுக்குப் பின்னால் உள்ள பெரிய மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சில் சுற்றி வைத்திருப்பார்கள்.

புதியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: "அம்பிலதான் கரண்ட் இருக்கே, அதிலயிருந்து எடுக்காதோ?" எடுக்காது. வயர் சத்தத்தை வெளியே கொண்டுபோகும், மின்சாரத்தை உள்ளே கொண்டுவராது. மிக்சரில் 48 வோல்ற் பொத்தான் இருக்கிறதே என்றால், அது மைக்குக்கும், பேஸை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டிக்கும் போவது. பேஸின் வயருக்கு வராது.

வயர் எப்படிச் சுவிட்ச் ஆகிறது

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் வயரின் பிளக்கைக் கையில் எடுங்கள். நுனியில் ஒரு குமிழ், பிறகு ஒரு கறுப்புக் கோடு, அதற்குப் பிறகு நீளமான ஒரு உலோகத் தண்டு. நுனியில் சத்தம் போகிறது. தண்டு பூமி, அதாவது எர்த். இது மோனோ பிளக்.

இப்போது பேஸின் ஜாக். பாசிவ் பேஸில் இதற்கு இரண்டு கால்கள் போதும், நுனிக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று. அக்டிவ் பேஸில் மூன்று கால்கள் இருக்கும். இது ஸ்டீரியோ ஜாக். பேஸ் ஒன்றும் ஸ்டீரியோவாகப் பாடுவதில்லை. அந்த மூன்றாவது கால், ஸ்டீரியோ பிளக்கில் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள நடுவளையத்துக்கு உரியது, இங்கே வேறு வேலைக்காக வைக்கப்பட்டது. பற்றரியின் கறுப்பு வயர், மறை முனை, அதில்தான் ஒட்டப்பட்டிருக்கும்.

பிளக் வெளியே இருக்கும்போது அந்தக் கால் எதிலும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பற்றரியின் ஒரு கை கட்டிப்போட்டபடி. நீங்கள் மோனோ பிளக்கைச் செருகியதும் அதன் நீளத் தண்டு நடுவளையக் காலையும் எர்த் காலையும் ஒன்றாகத் தொடும். சுற்றுப் பூர்த்தியாகும். பிரீஅம்ப் விழித்துக்கொள்ளும்.

ஆகவே பிளக் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பற்றரி வேலை செய்கிறது. அம்ப் நின்றிருந்தாலும் சரி, சத்தக் குமிழ் பூச்சியத்தில் இருந்தாலும் சரி, சுருதி பார்க்கும் காலடி ரியூனரை அமத்திச் சத்தத்தை மறித்து வைத்திருந்தாலும் சரி. வயரின் மற்ற நுனி தரையில் சும்மா கிடந்தாலும்கூட அதே கதைதான். அக்டிவ், பாசிவ் என்று மாற்றும் சுவிட்ச் உள்ள பேஸ்களில் பாசிவ் பக்கம் தள்ளினால் பற்றரி மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான பேஸ்களில் அந்தச் சுவிட்ச் சத்தத்தின் பாதையை மட்டும்தான் மாற்றுகிறது, பற்றரியைத் தொடுவதில்லை.

இதனால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள ஸ்டீரியோ வயரை யாராவது எடுத்துத் தந்தால் பேஸ் ஊமையாகிவிடும். அந்த வயரில் நடுவளையம் தண்டோடு சேராது, பற்றரி எழும்பாது. மேடையில் பேஸ் பழுது என்று முழிக்க முதல் வயரின் நுனியில் எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று கிழமை எங்கிருந்து வந்தது

9 வோல்ற் பற்றரியின் கோதை உரித்தால் உள்ளே ஆறு சின்னக் கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 1.5 வோல்ற். சின்னக் கலம் என்பதால் கொள்ளளவும் சின்னது. நல்ல அல்கலைன் பற்றரி ஒன்றில், மெதுவாகச் செலவழித்தால், ஏறத்தாழ 500 மில்லிஅம்பியர் மணி இருக்கும். ரோர்ச்சுக்குப் போடும் ஏஏ அளவு அல்கலைன் கலத்தில் இதைப்போல நாலைந்து மடங்கு இருக்கிறது.

பிரீஅம்ப் எவ்வளவு எடுக்கும்? பேஸுக்குப் பேஸ் வேறுபடும். 0.1 மில்லிஅம்பியருக்கும் கீழே எடுப்பவை இருக்கின்றன, 2 மில்லிஅம்பியர் எடுப்பவையும் இருக்கின்றன. கணக்குக்கு 1 என்று வையுங்கள். 500ஐ 1ஆல் பிரித்தால் 500 மணித்தியாலம். கிழமைக்கு இரண்டு நாள், மூன்று மூன்று மணித்தியாலம் வாசித்தால் கிழமைக்கு 6. ஒரு வருடத்துக்கு 312. ஒரு பற்றரி வருடம் தாண்டியும் ஓடும்.

அதே பேஸை வயரோடு சாத்தி வைத்தால்? ஒரு கிழமையில் 168 மணித்தியாலம். 500ஐ 168ஆல் பிரியுங்கள். மூன்று கிழமை. நான் கடைக்காரரோடு சண்டை பிடித்த கணக்கு அதுதான்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. திருவிழா மேடையில் பாட்டுக்கு நடுவே பிரமுகர் ஒருவர் எழும்பி ஒரு மணித்தியாலம் பேசினால், அந்த நேரத்துக்கு ஓடிப்போய் வயரைக் கழற்றத் தேவையில்லை. போவது ஒரே ஒரு மில்லிஅம்பியர் மணி. பற்றரியைக் கொல்வது மேடை அல்ல, மேடை முடிந்து வரும் இரவுகள்.

சோதிப்பது எப்படி

ஒரு மல்ரிமீற்றர் வேண்டும். மின்சாமான் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீற்றரே போதும். ஒரு எச்சரிக்கை, அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு 9 வோல்ற் பற்றரிதான் இருக்கிறது. அது இறங்கிப்போயிருந்தால் மீற்றர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். திரையில் பற்றரிப் படம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

முதலில் வோல்ற்றளவு. மீற்றரை நேரோட்ட 20 வோல்ற்றில் வைத்து, சிவப்பு முனையை பற்றரியின் நேர் முனையிலும் கறுப்பை மறை முனையிலும் தொடுங்கள். பற்றரியின் சின்ன வட்ட முனை நேர், பூப்போல விரிந்த பெரிய முனை மறை. புது அல்கலைன் 9.5 அளவு காட்டும். 8க்கு மேல் என்றால் ஒத்திகைக்குத் தாராளம். 8க்குக் கீழே வந்துவிட்டால் மேடைக்கு அதைக் கொண்டுபோக மாட்டேன். 7 அளவில் பல பேஸ்கள் கிழியத் தொடங்கிவிடும்.

ஏன் கிழிகிறது என்றால், பிரீஅம்ப் தனக்குக் கிடைக்கும் வோல்ற்றளவுக்கு மேலே சத்தத்தை உயர்த்த முடியாது. கூரை தாழத் தாழ, எழும்பி நிற்கும் அலையின் தலை இடிபடும். தடித்த தந்திதான் ஆகப் பெரிய அலையை எழுப்புவது, அதனால் முதல் இடி அதற்குத்தான். மெதுவாக வாசித்தால் ஒன்றும் தெரியாது, பெருவிரலால் அடித்தால் கிழியும் என்றால் பற்றரியைச் சந்தேகியுங்கள். நேற்று ஒத்திகையில் செத்த பற்றரி இன்று காலை பத்து நிமிடம் நன்றாகப் பாடும், அதையும் நம்பாதீர்கள். ஓய்வெடுத்த பற்றரி கொஞ்சம் எழும்பி நிற்கும், ஆனால் நிலைக்காது.

அடுத்தது மின்னோட்டம். உண்மையான சோதனை இதுதான், இதைத்தான் யாரும் செய்வதில்லை. வயர் எதையும் வெட்டத் தேவையில்லை. பற்றரியின் தொப்பிக் கிளிப்பை முழுதாகக் கழற்றாமல், ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, மற்றப் பக்கம் மாட்டியபடி இருக்கக் கிளிப்பைச் சற்றுத் திருப்புங்கள். இப்போது பற்றரியில் ஒரு முனை வெறுமையாக, கிளிப்பிலும் ஒரு முனை வெறுமையாக நிற்கும். மீற்றரின் ஒரு முனையை பற்றரியின் வெறும் முனையிலும் மற்றதைக் கிளிப்பின் வெறும் முனையிலும் வையுங்கள். மின்சாரம் இனி மீற்றருக்குள்ளால்தான் போகவேண்டும். எவ்வளவு போகிறது என்று அது சொல்லிவிடும். முனைகளை மாற்றித் தொட்டுவிட்டாலும் பயமில்லை, எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும், அவ்வளவுதான்.

மீற்றர் மில்லிஅம்பியர் பக்கம் இருக்கவேண்டும். முதலில் 200இல் தொடங்கி, பிறகு 20க்கு இறக்குங்கள். பிளக்கைச் செருகும் அந்த நொடியில் சுற்றிலுள்ள கொள்ளளவிகள் நிரம்புவதால் எண் ஒருமுறை துள்ளும், பிறகு அடங்கும். மிக முக்கியம்: மில்லிஅம்பியரில் வைத்தபடி பற்றரியின் இரண்டு முனையிலும் நேரே தொடாதீர்கள். மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். நான் ஒன்றுக்கு மேல் எரித்திருக்கிறேன்.

இரண்டு அளவு எடுங்கள்.

பிளக் இல்லாமல்: 0.00 வரவேண்டும். வேறு எதுவும் சரியில்லை.

பிளக் போட்டு: பெரும்பாலும் 0.1க்கும் 2க்கும் இடையில் எங்காவது நிற்கும். இதுதான் உங்கள் பேஸின் எண். ஒரு துண்டு ரேப்பில் எழுதிப் பற்றரிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள், பிறகு எப்போதும் உதவும். 5, 10 என்று வந்தால் எங்கோ பிழை, அல்லது பேஸில் லைற் ஏதாவது எரிகிறது. எரியும் ஒரு சின்ன எல்ஈடி பிரீஅம்பைவிடப் பல மடங்கு தின்னும். பேஸின் கழுத்தில் பக்க விளக்குப் பூட்டியவர்கள் பற்றரி கேட்டு அழக்கூடாது.

தம்பியின் பேஸை மேசையில் கவிழ்த்துப் போட்டு இதைத்தான் செய்தோம். பிளக் போட்டு 0.9. நல்லது. பிளக்கைக் கழற்றினேன். எண் அசையவில்லை. 0.9.

அவர் மீற்றரைப் பார்த்தார், கையில் இருந்த பிளக்கைப் பார்த்தார். "அண்ணை, நான் ஒவ்வொரு நாளும் கழட்டித்தான் வைக்கிறனான்." உண்மைதான். கழற்றி வைத்தும் பேஸ் தூங்கவில்லை.

கழற்றியும் இறங்கினால்

பற்றரியை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு ஜாக்கை வெளியே எடுங்கள். தட்டில் பூட்டிய ஜாக் என்றால் இரண்டோ நாலோ ஸ்குறூ ஆணி. வெளியில் நட் மட்டும் தெரிந்தால், அந்த நட்டைக் கழற்றி, குமிழ்களின் பின் மூடிக்குள்ளால் ஜாக்கை இழுத்தெடுக்கவேண்டும். நட்டைத் திருப்பும்போது உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றினால் வயர்கள் முறுகி அறுந்துபோகும். ஒரு கையால் ஜாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பேஸில் கதை பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஜாக்கில் இரண்டே கால்கள். யாரோ ஒரு திருத்துநர், பழைய ஜாக் தேய்ந்துபோனதும், கையில் கிடைத்த மோனோ ஜாக்கைப் பூட்டியிருக்கிறார். மூன்றாவது காலில் இருந்த கறுப்பு வயருக்கு இடமில்லை. அதையும் எர்த்தோடு சேர்த்து ஒட்டிவிட்டார். சத்தம் வந்தது, காசை வாங்கினார். அன்றிலிருந்து அந்தப் பேஸ் இரவும் பகலும் விழித்தபடி. 500ஐ 0.9ஆல் பிரித்தால் 555 மணித்தியாலம், நாளாக்கினால் 23. அவர் சொன்ன மூன்று கிழமைக்கும் மீற்றர் காட்டிய எண்ணுக்கும் இரண்டு நாள்தான் வித்தியாசம்.

மூன்று கால்களும் சரியாக இருந்தும் இறங்குகிறது என்றால் மீற்றரை பீப் சத்தம் போடும் இடத்துக்குத் திருப்புங்கள். பற்றரி வெளியே இருக்கவேண்டும். ஒரு முனையை நடுவளையக் காலில், மற்றதை எர்த் காலில் வையுங்கள். பிளக் இல்லாமல் பீப் அடிக்கக்கூடாது. பிளக் போட்டால் அடிக்கவேண்டும். பிளக் இல்லாமலே அடிக்கிறதென்றால் நான் பார்க்கும் ஒழுங்கு இது: நடுவளையத்தின் வளைந்த தகடு நெளிந்து மற்றதில் முட்டுகிறதா, ஈயத்துளி ஒன்று இரண்டு காலுக்கும் பாலம் போட்டிருக்கிறதா, கறுப்பு வயரின் ஒரு மயிரிழை பிரிந்து எர்த்தைத் தொடுகிறதா. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் ஜாக் உட்காரும் குழியைப் பாருங்கள். இரைச்சல் வராமல் இருக்க உள்ளே செப்புத் தகடு ஒட்டியிருப்பார்கள், அல்லது மின் கடத்தும் கறுப்பு மை பூசியிருப்பார்கள். இரண்டும் எர்த்தோடு சேர்ந்தவை. ஜாக்கை உள்ளே தள்ளிப் பூட்டும்போது நடுவளையக் கால் அந்தச் சுவரில் முட்டினால், வெளியே வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே போனதும் பற்றரி இறங்கும். மண்டையைக் குழப்பும் பழுது இது. ஜாக்கைச் சற்றுத் திருப்பி வைத்தாலே போதும், அல்லது சுவரில் ஒரு துண்டு இன்சுலேசன் ரேப்.

நீளமான குழாய் மாதிரி ஜாக் உள்ள பேஸ்களும் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அதில் பழுது என்றால் திருத்த முயலாமல் மாற்றிவிடுங்கள்.

ஜாக்கை மாற்றுவது சின்ன வேலை. மூன்று கால் உள்ள திறந்த ஸ்டீரியோ ஜாக் ஒன்று, சூடு பிடிக்கும் சோல்டரிங் அயன், கொஞ்சம் ஈயம். பழைய ஜாக்கை வெட்ட முதல் கைபேசியால் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சத்த வயர் நுனிக் காலுக்கு, பற்றரியின் கறுப்பு வயர் நடுவளையக் காலுக்கு, மற்ற எர்த் வயர்கள் எல்லாம் தண்டுக் காலுக்கு. எந்தக் கால் எதற்கு என்பதைக் கண்ணால் ஊகிக்காமல், பிளக்கைச் செருகி பீப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். தம்பியின் பேஸில் அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. பூட்டி முடித்ததும் மறுபடி அதே இரண்டு அளவு. பிளக் போட்டு 0.9. கழற்றினால் 0.00. அவரே பத்துத் தரம் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்தார்.

பிரீஅம்ப் பலகையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜாக்கும் கறுப்பு வயரும் சரியாக இருந்தும் பிளக் போட்டதும் 10க்கு மேல் எடுக்கிறது என்றால், அது அனுபவம் உள்ளவர் பார்க்கவேண்டிய வேலை.

என்ன பற்றரி வாங்குவது

கோதில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். 6எல்ஆர்61 என்றால் அல்கலைன். 6எஃப்22 என்றால் பழைய கார்பன் சிங்க் வகை. முன்னாலுள்ள 6 இரண்டிலும் ஆறு கலம் என்பதைத்தான் சொல்கிறது. "ஹெவி டியூட்டி" என்று பெரிதாக எழுதியிருந்தால் பலம் கூடியது என்று நினைக்கத் தோன்றும். நேர்மாறு, அப்படி எழுதியிருப்பது அநேகமாகக் கார்பன் சிங்க்தான். விலை குறைவு, கொள்ளளவும் குறைவு, ஒழுகும் குணமும் கூட. காலாவதித் திகதியையும் பாருங்கள். எங்கள் பக்கம் 9 வோல்ற் பற்றரி வேகமாக விலைப்படும் சாமான் அல்ல, கண்ணாடி அலுமாரியில் வருடக்கணக்கில் வெயில் குளித்தபடி இருக்கும்.

திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்வது வாங்கலாமா? நிக்கல் வகையில் கொள்ளளவு 200 அளவுதான், வோல்ற்றளவும் 8.4தான். சும்மா வைத்தாலும் தானாக இறங்கும். யூஎஸ்பி வயரால் சார்ஜ் ஏறும் லித்தியம் வகை 9 வோல்ற்றைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும், ஆனால் அதற்குள் வோல்ற்றை உயர்த்தும் சுற்று ஒன்று ஓடுகிறது. சில பேஸ்களில் அது நுளம்பு மாதிரி மெல்லியதாக இரையும். முடிகிற நேரத்தில் முன்னறிவித்தலே இல்லாமல் சட்டென்று நின்றுவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. கிழமைக்கு ஆறு மணித்தியாலம் வாசிக்கும் ஒருவருக்கு, வயரைக் கழற்றும் பழக்கம் இருந்தால், வருடத்துக்கு ஒரு நல்ல அல்கலைன் போதும். நான் அதற்கு மேலே யோசிப்பதில்லை.

இரண்டு பற்றரி போடும் 18 வோல்ற் பேஸ் என்றால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையாக மாற்றுங்கள். புதிதையும் பழையதையும் சோடி சேர்த்தால் பழையது புதிதையும் இழுத்து விழுத்தும். ஒரு பற்றரிப் பேஸுக்கு 18 கொடுத்துப் பார்க்கும் ஆசை வந்தால், பிரீஅம்ப் அதைத் தாங்கும் என்று எழுதியிருந்தாலொழிய வேண்டாம்.

மாட்டும்போது கவனம். கிளிப்பைத் தலைகீழாக ஒரு கணம் தொட்டாலே சில பிரீஅம்ப் செத்துவிடும். மேடைக்குப் பின்னால், இருட்டில், அவசரத்தில்தான் இது நடக்கும். வாயில் கைபேசி வெளிச்சத்தைக் கவ்விக்கொண்டாவது பார்த்து மாட்டுங்கள்.

வெயிலும் ஈரமும்

போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்தபோது, எங்கள் வன்னிப் பக்கத்துக்குள் பற்றரி வரவிடமாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். இறங்கிப்போன பற்றரியை வெயிலில் காயப்போட்டு இன்னும் ஒரு செய்தி கேட்டார்கள். அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் வீட்டில் இருந்தால் உங்கள் பேஸ் பற்றரியையும் முற்றத்தில் காயவைத்துத் தருவார்கள். அன்பாக வாங்கிக்கொண்டு குப்பையில் போடுங்கள். அது பழைய வகைக்கு ஒருநாள் உயிர் கொடுத்திருக்கலாம், அல்கலைனைச் சூடாக்கினால் ஒழுகத்தான் செய்யும்.

சூடு என்றால் முற்றம் மட்டும் அல்ல. கச்சேரிக்கு வான் வண்டியில் போகும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தாமல் போகமுடியாது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தேத்தண்ணீர் குடித்து வர முக்கால் மணித்தியாலம். வைகாசி வெயிலில் பூட்டிய வானுக்குள் பேஸ் வேகும். பற்றரிக்கு மட்டுமா, கழுத்து மரத்துக்கும் ஆகாது. நிழலில் நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள், முடிந்தால் பேஸைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒழுகிவிட்டால் பயப்படவேண்டாம். அல்கலைனிலிருந்து வரும் வெள்ளைப் பொடி காரம், பஞ்சில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வெறுங்கையால் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள். கிளிப் பச்சை பிடித்திருந்தால் அதை மாற்றுவதுதான் மலிவு.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஜாக்கின் தகடுகள் கறுக்கும். பிளக்கை ஆட்டினால் சத்தம் விட்டு விட்டு வருவது அதனால்தான். பற்றரியும் அந்த நேரம் விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது. மின்முனை துடைக்கும் கொன்ராக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, பிளக்கைப் பத்துத் தரம் செருகி எடுத்தால் சரிவரும்.

மேடை நாளில்

வயரைக் கழற்றாமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. சவுண்ட்காரரின் திட்டும் ஒரு காரணம். அம்ப் திறந்திருக்க அக்டிவ் பேஸின் வயரை உருவினால் "டொம்" என்று ஸ்பீக்கர் அதிரும். ஒருமுறை பேச்சு வாங்கியவன் பிறகு வயரைத் தொடவே மாட்டான், அப்படியே பேஸைச் சாத்திவிட்டுப் போவான். ஒழுங்கு இதுதான்: அம்பின் சத்தத்தை இறக்கு, சவுண்ட்காரரைப் பார்த்துக் கையைக் காட்டு, அவர் தலையாட்டியதும் கழற்று. போடும்போதும் அப்படியே.

வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு: பேஸில் செருகும் அந்தச் சின்னக் கட்டையும் ஒரு பிளக்தான். அதை நிற்பாட்டினாலும் பேஸின் பற்றரி ஓடிக்கொண்டிருக்கும். கழற்றி எடுங்கள்.

பையில் ஒரு புதுப் பற்றரி, பெட்டி ஆணிக்குப் பொருந்தும் ஸ்குறூ டிறைவர், பழைய பற்றரியில் மாற்றிய திகதி எழுதிய ரேப். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கூட்டத்தில் இரவு ஒரு மணிக்கு 9 வோல்ற் பற்றரி தேடிப் போகமுடியாது. நடு மேடையில் செத்துவிட்டால் முதலில் பாசிவ் சுவிட்சைத் தட்டுங்கள், இருந்தால் சத்தம் வரும். இல்லையென்றால் சவுண்ட்காரரின் மல்ரிமீற்றரை நைசாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் இருப்பதும் 9 வோல்ற்தான் என்று மேலே சொன்னேனே. நாலு பாட்டு ஓடும். திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள்.

மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் பற்றரியை எடுத்துத் தனியாக வையுங்கள். பெட்டி மூடியைத் திரும்பப் பூட்டும்போது ஆணியை வெறியோடு முறுக்காதீர்கள். அது பிடித்திருப்பது மெல்லிய மரத்தில், மூன்று தரம் முறுக்கினால் துளை தளர்ந்துவிடும். தளர்ந்துவிட்டால் ஈர்க்குத் துண்டொன்றைப் பசை தொட்டுத் துளைக்குள் செருகிவிட்டு, காய்ந்ததும் ஆணியைப் போடுங்கள்.